டைபாய்டு கிருமிக்கு வால் எதற்கு?

காய்ச்சல் விடலைன்னா 'வைடால்' டெஸ்ட் எடுக்கச் சொல்வார்கள். என் தங்கச்சிக்கும் எடுத்தோம். ரிப்போர்ட்டில் 'ஓ', 'எச்' என்று இரண்டு எழுத்து. 'ஓ' என்பது கிருமியின் மேலுறை. 'எச்' என்பது அதன் வால், அதாவது கசையிழை. இவற்றுக்கு எதிராக ரத்தத்தில் உண்டான எதிர்ப்பொருளைத்தான் டெஸ்ட் காட்டுகிறது. இது 1896-ல் வந்த முறை.

கசையிழையில் பிளாஜெல்லின் என்ற புரதம் சுமார் 20,000 தடவை அடுக்கியிருக்கிறது. புரதத்தின் அமைப்பைச் சொல்வது ஜீன். நம்ம தறியில் ஜக்கார்டு அட்டை டிசைனைச் சொல்வது மாதிரி!

உணவை விஷமாக்கும் சால்மோனெல்லா டைஃபிமூரியத்துக்கு இரண்டு அட்டை: எஃப்.எல்.ஐ.சி., எஃப்.எல்.ஜே.பி. டி.என்.ஏ.வில் ஒரு துண்டு தலைகீழாகத் திரும்பினால் வால் மாறிவிடும். பழைய வாலுக்குத் தயாரான எதிர்ப்பொருள் ஏமாந்துபோகும்.

டைபாய்டு கிருமிக்குப் பெரும்பாலும் ஒரே அட்டைதான். ஆனால் பலே கில்லாடி! குடல் சுவருக்குள் நுழைந்ததும் டி.வி.ஐ.ஏ. என்ற ஜீன் வால் தயாரிப்பைக் குறைத்துவிடும். வாலைப் பார்த்தால் விழித்துக்கொள்ளும் நம் உடம்பின் காவல்காரன் டி.எல்.ஆர். 5 தூங்கிவிடுவான்.

எப்போதோ வந்த காய்ச்சலின் எதிர்ப்பொருளும் வைடாலில் தெரியலாம். அதனால் அதை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது. மருந்து தொடங்கும் முன் எடுக்கும் ரத்தக் கல்ச்சரே நல்ல சாட்சி.

ஜுரம் விட்டதும் தங்கச்சி மாத்திரையை நிறுத்திட்டா. பத்து நாளில் மறுபடி ஜுரம்! பரீட்சையும் போச்சு.

ஏகாம்பரநாதர் பங்குனி உற்சவம் பார்க்கப் போனால் ஐஸ் போட்ட ஜூஸ் வேண்டாம். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைக் கையோடு எடுத்துப் போங்க. டாக்டர் சொன்ன நாள்வரை மாத்திரை சாப்பிடுங்க. வாலை மறைக்கும் எதிரியைப் பாதியில் விடலாமா?