மைனரின் கையெழுத்து

பத்தாம் வகுப்பில் பயிலும் நாம் கடன் பத்திரத்தில் கையெழுத்திட்டால் செல்லுமா? செல்லாது. 18 வயது நிரம்பாதவரை நம் நாட்டுச் சட்டம் மைனர் என்கிறது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டப்படி மைனர் ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவர்.

1895-இல் கல்கத்தாவில் தர்மதாஸ் கோஷ் என்னும் மைனர், 20,000 ரூபாய்க்குத் தம் வீடுகளை அடமானம் எழுதிக் கொடுத்தார். அவர் மைனர் என்பது கடன் கொடுத்தவரின் பிரதிநிதிக்குத் தெரிந்தே இருந்தது. 1903-இல் லண்டன் பிரிவி கவுன்சில், அப்பத்திரம் தொடக்கம் முதலே செல்லாது எனத் தீர்ப்பளித்தது. கொடுத்த பணமும் திரும்பவில்லை.

அப்படியானால் கடன் வாங்கி ஏமாற்றலாமா? கூடாது. உணவு, உடை போன்ற அவசியப் பொருள்களை அளித்தவர், மைனருக்குச் சொத்து இருந்தால் அதிலிருந்து ஈடு பெறலாம். பெற்ற பயனைத் திருப்பித் தருமாறு நீதிமன்றம் கூறவும் 1963-ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது.

கடைக்காரரிடம் கடனாக வாங்கிய நோட்டுக்காக நம்மீது வழக்கு வராமலிருக்கலாம். ஆனால் அவர் நம்மை நம்பியல்லவா கொடுத்தார்! சட்டம் நம் அறியாமைக்குக் காவல், நேர்மையின்மைக்கு அன்று. எனவே வாங்கியதைத் திருப்பிக் கொடுப்போம். யார் நீட்டினாலும், பெற்றோரைக் கேளாமல் எந்தத் தாளிலும் கையெழுத்திடோம்.