தறியில் அமர்வோர்க்கு ஓர் எளிய பயிற்சி

திடீர் ஓசை கேட்ட சிசு, கைகளை விரித்துப் பின் மார்போடு அணைத்துக்கொள்ளும். 1918இல் மருத்துவர் எர்னஸ்ட் மோரோ விளக்கிய இவ்வனிச்சைச் செயல், ஏறத்தாழ ஆறு மாதத்தில் மறையும். இது எஞ்சிநிற்பதே வளர்ந்தோரின் பதற்றத்திற்குக் காரணமென்றும், சிசுவின் அசைவுகளை மீளச் செய்தால் அது தீருமென்றும் சிலர் கூறுவர். அதற்குப் போதிய சான்று இல்லை.

தசை தளர்ந்தால் மனம் அமைதியுறும் என்று எட்மண்ட் ஜேக்கப்சன் 1929இல் வெளியிட்ட நூலில் விளக்கினார்; பிற்கால ஆய்வுகளும் இதனை ஆதரிக்கின்றன.

இரணியல் நெசவாளர் நாடாவை நிறுத்தி, கைகளை 5 விநாடி இறுக மூடி, 20 விநாடி தளரவிடுக. பின்னர்த் தோள், முகம், கால்கள். வலிக்குமளவு இறுக்க வேண்டா.

பாவு மிகையாக இறுகினால் இழை அறும், உடலும் அத்தகையதே. கடன் தவணை இதனால் தீராது. அதனைச் சங்கத்தில் கூடிப் பேசுவோம். உறக்கமின்மை நீடித்தால் மருத்துவரை நாடுவோம்.