பூட்டிய வீட்டுக்குப் பாலிசி செல்லுமா?

மகளின் பிரசவத்துக்காக ஆறு மாதம் அமெரிக்கா கிளம்பும் பெற்றோர் ஊறுகாய், பொடி வகைகளை மறப்பதில்லை. மறப்பது வீட்டுக் காப்பீட்டைத்தான்.

1. கிளம்பும் முன்பே காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதி, ஒப்புதலையும் எழுத்தில் வாங்குங்கள். வழக்கமான தீ காப்பீட்டில், 30 நாளுக்கு மேல் ஆளில்லாமல் கிடக்கும் கட்டடத்துக்குப் பாதுகாப்பு நின்றுவிடும். பிரீமியம் கட்டிய ரசீது அப்போது வெறும் காகிதம்.

2. திருட்டுக்குத் தனியாகக் கேளுங்கள். 2021 ஏப்ரலில் அறிமுகமான 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசியில், தீ, வெள்ளம் போன்றவை தாக்கிய 7 நாளுக்குள் திருடுபோனால்தான் இழப்பீடு.

3. டிவி, ஃபிரிட்ஜைப் படமெடுத்து, பில்லோடு மின்னஞ்சலில் வையுங்கள். இழப்பீடு கேட்க ஆதாரம் வேண்டும்.

4. பேப்பரை நிறுத்துங்கள். கேட்டில் செருகிய பத்து நாள் பேப்பர், திருடனுக்கு வெற்றிலை பாக்கு வைத்த அழைப்பு.

சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள். குழாய் உடைந்தால் திறக்க ஆள் வேண்டும்.