‘இன் யூட்டரோ’: ஓர் இசைத்தட்டும் ஓர் ஒலிப்பதிவாளரும்

நம் சங்க இதழில் கீர்த்தனைகளைப் பற்றியும் பழைய திரைப்பாடல்களைப் பற்றியும் பலர் எழுதியிருக்கிறார்கள். நான் எழுதப் போவது ஓர் அமெரிக்க ராக் குழுவின் இசைத்தட்டைப் பற்றி. ‘இந்த மனிதருக்கு என்ன ஆயிற்று?’ என்று அன்பர்கள் கேட்பதற்கு முன் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

2001இல் என் மகன் பத்தாம் வகுப்பில் இருந்தான். எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒரே ஒரு கேசட் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். இரவு ஷிப்ட் முடித்து வந்து படுப்பவனுக்கு அது எப்படியிருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு நாள் கேசட்டைப் பிடுங்கி நாடாவை உருவிப் போட்டேன். அவன் ஒன்றும் பேசவில்லை. அதன் பிறகு என் எதிரில் அவன் எந்தப் பாட்டும் கேட்டதில்லை.

2024 மே மாதம் தொலைபேசியில், “அப்பா, நீங்க நாடாவை உருவிப் போட்டீங்களே, அந்த ஆல்பத்தை ரெக்கார்ட் பண்ணினவர் இறந்துட்டார்” என்றான். வேறு எதுவும் சொல்லவில்லை. எனக்குத்தான் சுருக்கென்றது. அதன் பிறகு உட்கார்ந்து கேட்டேன், தேடிப் படித்தேன். அப்படித் தெரிந்துகொண்டதையே இங்கே எழுதுகிறேன்.

குழுவின் பெயர் நிர்வாணா. நம் ‘நிர்வாணம்’தான், பௌத்தர் சொல்லும் பொருளில். கர்ட் கோபேன் பாட்டும் கிதாரும், கிரிஸ்ட் நோவோசெலிக் பேஸ் கிதார், டேவ் க்ரோல் டிரம்ஸ். 1991 செப்டம்பரில் வந்த ‘நெவர்மைண்ட்’ என்ற இவர்களது இரண்டாவது ஆல்பம், 1992 ஜனவரியில் மைக்கேல் ஜாக்ஸனின் ‘டேஞ்சரஸ்’ ஆல்பத்தைத் தள்ளிவிட்டு அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. கோபேனுக்கோ அதில் ஒரு குறை. இழைத்துப் பளபளப்பாக்கிவிட்டார்கள், இது எங்கள் சத்தமே இல்லை என்பது அவர் கட்சி. ஆகவே அடுத்த ஆல்பத்துக்கு ஸ்டீவ் ஆல்பினி என்பவரை அழைத்தார்கள்.

இந்த ஆல்பினி தம்மைத் தயாரிப்பாளர் என்று அழைப்பதை விரும்பாதவர். ஒலிப்பதிவுப் பொறியாளர், அவ்வளவுதான் என்பார். வேலையை ஒப்புக்கொள்ளும் முன் குழுவினருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். அந்தத் தொழிலில் தயாரிப்பாளர்களுக்கு விற்பனையில் நூற்றுக்கு ஒன்று, ஒன்றரை என்று பங்கு கொடுப்பது வழக்கம். 30 லட்சம் தட்டுகள் விற்றால் தமக்கு ஏறத்தாழ 4 லட்சம் டாலர் வரும் என்று அவரே கணக்குப் போட்டுக் காட்டி, அது வேண்டாம் என்று சொல்லிவிட்டார். குழாய் ரிப்பேர் செய்பவருக்குக் கொடுப்பதைப்போல் செய்த வேலைக்குக் கூலி கொடுத்தால் போதும் என்றார். 1 லட்சம் டாலர் வாங்கிக்கொண்டார். சின்னத் தொகை அல்லதான். ஆனால் அதோடு முடிந்தது.

இதைப் படித்தபோதுதான் எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப் போயிற்று. நான் டிப்ளமா முடித்துக் கேரேஜ் அண்டு வேகன் பிரிவில் சேர்ந்த காலத்தில், வண்டி வந்து நின்றதும் சுத்தியலால் சக்கரத்தைத் தட்டிக் கேட்போம். நல்ல சக்கரம் கணீரென்று ஒலிக்கும். விரிசல் விட்டது மொத்தென்று கேட்கும். வண்டி நிறைந்து போனாலும் காலியாகப் போனாலும் தட்டியவனுக்கு அதே சம்பளம்தான். அதனால்தான் அவன் காதை நம்பலாம்.

பதிவு 1993 பிப்ரவரியில், மினசோட்டா மாநிலத்தில் கேனன் ஃபால்ஸ் என்ற சிற்றூருக்கு அருகிலுள்ள பேக்கிடெர்ம் ஸ்டூடியோவில் நடந்தது. மொத்தம் இரண்டு வாரம். டிரம்ஸைச் சுற்றி ஏறக்குறைய 30 மைக்குகள்! இரண்டு பாட்டுகளுக்கு டிரம்ஸைச் சமையலறைக்கே கொண்டுபோய் வைத்தார்களாம். அறையின் சுவரும் தரையும் தருகிற எதிரொலி இயற்கையாகவே நாடாவில் ஏற வேண்டும், பிறகு கருவிகளால் ஒட்டவைக்கக் கூடாது என்பது ஆல்பினியின் முறை. இங்கே ஒன்றை விளக்க வேண்டும். பல தடங்களில் தனித்தனியாகப் பதிந்ததை எது தூக்கல், எது தணிவு என்று கலந்து கொடுப்பதற்கு மிக்ஸிங் என்று பெயர். நம் ஆண்டு விழாக் கச்சேரியில் மைக் செட்காரர் மிருதங்கத்தை ஏற்றிவிட்டுப் பாடகரை அமுக்கிவிடுகிறாரே, அந்த அதிகாரம்தான் அது. ஆல்பினி கோபேனின் குரலைக் கருவிகளுக்கு மேலே தூக்கி வைக்கவில்லை. கருவிகளோடு மல்லுக்கட்ட விட்டார்.

கம்பெனிக்காரர்களுக்கு இது பிடிக்கவில்லை. ஏப்ரலில் ‘சிகாகோ ட்ரிப்யூன்’ பத்திரிகையில் செய்தி வந்தது. பிறகு ‘நியூஸ்வீக்’கும் எழுதியது. குழுவினர் மறுத்து, ‘பில்போர்டு’ பத்திரிகையில் முழுப் பக்க விளம்பரமே கொடுத்தார்கள். ஆனாலும் வீட்டுக்குப் போய்க் கேட்டபோது, குரலும் பேஸும் போதவில்லை என்று அவர்களுக்கே தோன்றியிருக்கிறது. திருத்தித் தரும்படி ஆல்பினியைக் கேட்டார்கள், அவர் இசையவில்லை. கடைசியில் ‘ஹார்ட்-ஷேப்ட் பாக்ஸ்’, ‘ஆல் அப்பாலஜீஸ்’ ஆகிய இரண்டு பாட்டுகளை மட்டும் ஸ்காட் லிட் என்பவரிடம் கொடுத்து மறுபடி மிக்ஸ் செய்தார்கள். யார் பக்கம் நியாயம்? பாட்டு அவர்களுடையது, ஆகவே அவர்கள் பக்கமே என்பேன். ஆனால் ஆல்பினி மறுத்ததிலும் எனக்குத் தவறு தெரியவில்லை. தம் காதுக்குச் சரி என்று பட்டதை அவர் கொடுத்தாயிற்று.

1993 செப்டம்பரில் ‘இன் யூட்டரோ’ வெளிவந்தது. ‘கருப்பையில்’ என்று பொருள்படும் லத்தீன் சொல். விலைபோகாது என்று பயந்த ஆல்பம் முதல் வாரமே 1,80,000 விற்று அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. பத்திரிகை விமரிசனங்களும் பெரும்பாலும் பாராட்டியே எழுதின. வால்மார்ட், கேமார்ட் கடைகளோ, அட்டைப் படத்துக்காகவும் ஒரு பாட்டின் தலைப்பிலிருந்த கடுஞ்சொல்லுக்காகவும் விற்க மறுத்தன. 1994 மார்ச்சில் அவர்களுக்காக அட்டையும் தலைப்பும் மாறிய பதிப்பு வந்தது. இவ்வளவு பிடிவாதக்காரர்கள் ஏன் இணங்கினார்கள்? சிறு வயதில் தாங்கள் பாட்டு வாங்க அத்தகைய கடைகளை விட்டால் வேறு கதி இருந்ததில்லை என்பது அவர்கள் தரப்பில் சொல்லப்பட்ட காரணம். சிற்றூரில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும்.

அடுத்த மாதமே, 1994 ஏப்ரலில், கோபேன் தற்கொலை செய்துகொண்டார். வயது 27. அதன் பின் அந்தத் தட்டை எவராலும் வெறும் பாட்டாகக் கேட்க முடியவில்லை. ஒவ்வொரு வரியிலும் சாவுக்கு அடையாளம் தேடினார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. ‘டம்ப்’ என்ற பாட்டில் செல்லோ மெல்ல வந்து சேர்ந்துகொள்ளும் இடத்தை அதற்காகவே ஒரு முறை கேளுங்கள்.

2013இல், இருபதாண்டு நிறைவுப் பதிப்பில், மாற்றப்பட்ட அந்த இரண்டு பாட்டுகளின் ஆல்பினி வடிவத்தையும் வெளியிட்டார்கள். போன தீபாவளிக்கு வந்தபோது மகன் இரண்டு வடிவங்களையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டி, “எது யாரோடதுன்னு சொல்லுங்க பார்ப்போம், சக்கரம் தட்டின காதுதானே?” என்றான். ‘ஹார்ட்-ஷேப்ட் பாக்ஸ்’ சரியாகச் சொன்னேன். ‘ஆல் அப்பாலஜீஸ்’ தப்பிவிட்டது. மறுபடியும் போடச் சொன்னேன்.