கீமோ நாட்களில் பிள்ளையின் வாய்

தட்டைத் தள்ளிவிடும் பிள்ளையை அடம்பிடிக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். கீமோ ஏறி ஐந்தாறு நாள் ஆகியிருந்தால் முதலில் வாயைப் பாருங்கள். வலியைச் சொல்லத் தெரியாத சின்னது எச்சிலை விழுங்காமல் துண்டில் வழியவிடும். பால் பாட்டில் உதட்டில் பட்டதும் வீரிடும்.

வேகமாகப் பெருகும் செல்களைத்தான் கீமோ அழிக்கிறது. வாயின் உள்தோலும் அந்த ரகம். அதனால் மெத்தோட்ரெக்சேட், டாக்சோரூபிசின் போன்ற மருந்துகளுக்குப் பிறகு 5 முதல் 10 நாளுக்குள் வாய் சிவந்து புண்ணாகலாம். வெள்ளணுக்கள் ஏற ஏற, பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் ஆறிவிடும்.

பராமரிப்பைப் புண் வரும்வரை தள்ளிப்போடாமல் கீமோ தொடங்கும் நாளிலேயே ஆரம்பியுங்கள். தினமும் மொபைல் டார்ச் அடித்து உதட்டின் உட்புறம், கன்னம், நாக்கின் அடி மூன்றையும் பாருங்கள். மிக மென்மையான பிரஷ்ஷை வெந்நீரில் நனைத்தால் இன்னும் இளகும். ரத்தம் கசிகிறதென்று நீங்களாகப் பல் துலக்குவதை நிறுத்தாதீர்கள். பிளேட்லெட் எண்ணிக்கையைப் பார்த்து டாக்டர் சொல்லட்டும்.

அடுத்தது கொப்பளிக்கும் நீர். கொதித்து ஆறிய வெதுவெதுப்பான நீர் ஒரு கப் (240 மில்லி), ஆப்ப சோடா கால் டீஸ்பூன், உப்பு அரைக்கால் டீஸ்பூன். பேக்கிங் பவுடர் வேறு சரக்கு, அதைப் போட்டுவிடாதீர்கள். தினமும் புதிதாகக் கலக்குங்கள். நாளைக்கு நாலைந்து முறை, அரை நிமிடம் வாயில் சுழற்றித் துப்பிவிட்டு வெறும் நீரால் அலசினால் போதும். துப்பத் தெரியாத குழந்தைக்குச் சுத்தமான காஸ் துணியை இதில் நனைத்து மெதுவாகத் துடையுங்கள். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் எரியும், வேண்டாம்.

சாப்பாடு ஆறியிருக்கட்டும். நெய் விட்டுக் குழைத்த பருப்பு சாதம், பாலில் ஊறிய இட்லி, ராகிக் கூழ் இறங்கும். ரசம், ஊறுகாய், ஆரஞ்சு, முறுக்கு நாலும் கொஞ்ச நாள் ஒதுங்கட்டும். மணத்தக்காளிக் கீரை கொடுக்கலாமா என்று கேட்காத பாட்டி இல்லை. டாக்டர் சரி என்றால், மிளகாய் போடாமல் நன்றாக வேகவைத்து, உணவாகக் கொடுங்கள். மருந்தென்று நம்பி இருந்துவிடாதீர்கள். வெங்காரத்தைத் தேனில் குழைத்துத் தடவும் வழக்கம் மட்டும் கூடவே கூடாது.

வலி மருந்தைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன் கொடுத்தால் நாலு வாய் கூடுதலாக இறங்கும். ஆனால் பாராசிட்டமால் கொடுக்குமுன் தெர்மாமீட்டர் வையுங்கள். அது காய்ச்சலை மறைத்துவிடும். இபுப்ரோஃபென் ரத்தக்கசிவைக் கூட்டும். மரத்துப்போகச் செய்யும் ஜெல்லைக் கேட்காமல் தடவினால் தொண்டையும் மரத்துப் புரையேறலாம்.

காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், தண்ணீர்கூட இறங்காவிட்டால், எட்டு மணி நேரம் சிறுநீர் போகாவிட்டால், ரத்தம் நிற்காவிட்டால், மூச்சுவிடச் சிரமப்பட்டால் நடு இரவானாலும் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். நாக்கில் தயிர்போல வெள்ளை படிந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், அன்றே காட்டுங்கள்.

புண் ஆறியதும் பழைய பிரஷ்ஷைத் தூக்கிப் போடுங்கள். எந்த நாளில் தொடங்கியது, எத்தனை நாள் சாப்பிடவில்லை என்று ஃபைலில் குறித்துவையுங்கள். அடுத்த கீமோவுக்குமுன் டாக்டர் கேட்கப்போவது அதைத்தான்.