டி.எஸ்.பி. படிக்க ஒரு பம்புசெட் போதும்

காவாந்தண்டலம் போன்ற செய்யாற்றங்கரை ஊரிலிருந்து இ.சி.இ. படிக்கப் போகிறவர்களுக்கு இந்தக் குறிப்பு. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் டி.எஸ்.பி., அதாவது டிஜிட்டல் சிக்னல் பிராசஸிங், நான்காவது செமஸ்டரில் வருகிறது. மூன்றாவது செமஸ்டரின் சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ் சரியாகப் புரியாமல் இதைத் தொடாதீர்கள். குறிப்பாக கன்வல்யூஷன், இசட் டிரான்ஸ்ஃபார்ம் இரண்டும் கைக்குப் பழகியிருக்க வேண்டும்.

முதல் வேலை, ஓடுகிற பம்புசெட் மோட்டாரின் சத்தத்தைச் செல்போனில் ஒரு நிமிடம் பதிவு செய்வது. இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டியில் அதை நொடிக்கு 8000 சாம்பிளாக மாற்றி, வேவ் கோப்பாகச் சேமியுங்கள். அந்தக் கோப்பில் கணக்குப் போட்டுப் பார்க்க உதவும் ஆக்டேவ் மென்பொருளும் இலவசம்தான். சொந்தக் கணினி இல்லையென்றால் கல்லூரி லேப் இருக்கிறது.

அடுத்து எஃப்.எஃப்.டி., அதாவது சத்தத்தில் எந்த அதிர்வெண் எவ்வளவு இருக்கிறதென்று பிரித்துக் காட்டும் கணக்கு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மோட்டாரின் ரீங்காரம் அதன் இரு மடங்கான 100 ஹெர்ட்ஸில் எழும். நிமிடத்துக்கு 2900 சுற்று ஓடும் மோட்டாரானால், சுழற்சி வேகத்தின் இரு மடங்கில் வரும் சத்தம் 97 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்திலும் தெரியலாம். 1024 புள்ளி எடுத்தால் ஒரு கட்டத்தின் அகலம் 7.8 ஹெர்ட்ஸ், இரண்டும் ஒரே மேடாகக் கலந்துவிடும். 8192 புள்ளி எடுங்கள், கட்டம் 1 ஹெர்ட்ஸுக்குச் சுருங்கி இரண்டும் பிரியும். ரெசல்யூஷன் என்று ஆசிரியர் போர்டில் எழுதுவது இவ்வளவுதான். என்னைக் கேட்டால், எஃப்.எஃப்.டி.யின் பட்டர்ஃபிளை படத்தை உருப்போடும் முன் இதைப் பார்த்துவிட வேண்டும்.

அந்தப் படத்தையும் விட முடியாது, தேர்வில் 8 புள்ளி கணக்கு வரும். நேரடியாகச் செய்தால் 64 பெருக்கல். கூலியும் டூக்கியும் 1965-ல் வெளியிட்ட வழியில் 12. ஒரே கணக்கை இரண்டு வழியிலும் கையால் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

பிறகு ஃபில்டர். மோட்டார் பக்கத்தில் நின்று பேசிப் பதிவு செய்து, 100 ஹெர்ட்ஸை மட்டும் நீக்குங்கள். 8000 சாம்பிளில் 100 ஹெர்ட்ஸ் என்பது அலகு வட்டத்தில் 4.5 டிகிரி. அங்கே ஒரு ஜீரோ, அதே கோணத்தில் 0.99 தொலைவில் ஒரு போல். கிடை அச்சின் மறுபக்கத்தில் இவற்றின் இணைகள். ரீங்காரம் எவ்வளவு குறைகிறதென்று காதாலேயே கேட்கலாம்.

பாடம் கேட்க, என்.பி.டி.இ.எல். தளத்தில் ஐ.ஐ.டி. டெல்லியில் பேராசிரியராக இருந்த எஸ்.சி. தத்தா ராயின் வகுப்புகள் இலவசம். கணக்குக்குப் புரோக்கிஸ், மனோலகிஸ் புத்தகம்.

தேர்வு அறையில், ஃபில்டர் வடிவமைப்பில் வரும் பைலினியர் டிரான்ஸ்ஃபார்ம் கணக்கைத் தொடங்கும் முன் கால்குலேட்டரை ரேடியனுக்கு மாற்றிவிடுங்கள். டிகிரியில் இருந்தால் முதல் வரியிலிருந்தே விடை தப்பு.