ரோகிணிக்குப் பக்கத்தில் ஒரு தூசித் தட்டு

தம்பி தங்கைகளே, கோயிலில் நவக்கிரகங்களைச் சுற்றும்போது யோசிச்சிருக்கீங்களா, செவ்வாயும் வியாழனும் எப்படி உருவாச்சு என்று?

வானில் ரிஷப ராசியைப் பாருங்கள். ரோகிணிக்குப் பக்கத்தில், நம் கண்ணுக்குத் தெரியாமல், எச்.எல். டாரி என்ற இளம் விண்மீன் இருக்கிறது. தூரம் சுமார் 450 ஒளியாண்டு. வயது ஏறக்குறைய 10 லட்சம் ஆண்டுதான். நம் சூரியனுக்கோ 460 கோடி! 2014-இல் சிலி நாட்டிலுள்ள அல்மா தொலைநோக்கி அதைப் படமெடுத்தது. விண்மீனைச் சுற்றித் தூசித் தட்டு. அதில் பளிச்சென்ற வளையங்கள், நடுநடுவே இருண்ட இடைவெளிகள். வளரும் கிரகங்கள் போட்ட பாதைகளாக அந்த இடைவெளிகள் இருக்கலாம்.

தூசி ஒன்றோடொன்று ஒட்டிக் கூழாங்கல்லாகும். அங்கேதான் சிக்கல். வாயுவை அதன் அழுத்தமும் சற்றுத் தாங்குவதால், அது கல்லைவிடக் கொஞ்சம் மெதுவாகச் சுற்றும். மோட்டார் சைக்கிளில் போகும்போது முகத்தில் காற்று அடிக்குமே, அது மாதிரி வாயு கல்லைத் தடுக்கும். சக்தியிழந்த கல் விண்மீனை நோக்கிச் சரியும். ஆனால் வாயு அழுத்தம் உச்சமாயிருக்கும் வளையத்தில் இந்த எதிர்க்காற்று இருக்காது. கற்கள் அங்கே தங்கும், சேரும், வளரும்.

பாய்ம இயக்கவியலில் நான் ஒருமுறை ஃபெயில். “இதெல்லாம் எதுக்கு?” என்று படிப்பையே விடப் பார்த்தேன். நண்பர்கள் நாலு பேர் சனிக்கிழமைதோறும் கூட உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார்கள். மறுதேர்வில் தேறினேன். இந்தப் படமும் அப்போதுதான் புரிந்தது.

சரிந்துகொண்டிருக்கும் நண்பர் யாராவது உங்களுக்கு இருந்தால், இந்த வாரமே கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.